ஒரு காசு

முதுநகரில் துறைமுகம் போகும் சாலையில் என் கடை.
எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ஜிபிஎஸ்,
உப்புத்தண்ணி குடித்து மயங்கிய எதுவும்
என் மேசைக்கு வரும்.
பச்சை பூத்த செம்பைச் சுரண்டி
உயிர் கொடுத்துவிட்டால்
மறுபடி கடலுக்குப் போய்விடும்.
ஒன்றுகூட என்னிடம் தங்கியதில்லை.

அதனால்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.
ஒரு பை நிறைய உதிரி, ஒரு வெற்றுப் பலகை.
எவரும் இப்போது கேட்காத
எட்டு பிட் கணினி.
கூரியர் பையன் குலுக்கிப் பார்த்து
'ஒடஞ்சிருக்குக்கா' என்று கொடுத்தான்.

பழுப்பு, கறுப்பு, சிவப்பு: ஆயிரம் ஓம்.
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு: பத்தாயிரம்.
துளைக்குள் காலை விட்டுப் பின்னால் மடக்கி
ஈயம் ஓடிக் கூம்பாய்ப் பளபளக்கும்வரை
மூச்சைப் பிடித்திருந்து
மிச்சக் காலை நறுக்கினால்
டிங்.
எங்கோ போய் விழும்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
ரோசின் புகைதான் எனக்கு நல்ல காற்று.
ஐப்பசி ஈரத்துக்குப் பயந்து
பலகையை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன்;
மறுநாள் சாக்கெட் துளைகளிலிருந்து
ஊசியால் நொய் எடுத்தேன்.

நாற்பது கால் சில்லு.
எழுபத்தாறில் வந்தது,
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
மரவட்டைபோல் ஏறி உட்கார்ந்தது.

அடிப்பக்கம் எட்டு கெப்பாசிட்டர்.
அவற்றுக்குக் காலே கிடையாது.
எள்ளைப் பாதியாய்க் கிள்ளியது போல் இருக்கும்.
ஏழு உட்கார்ந்தன.
எட்டாவதை இடுக்கி நுனியில் தூக்கியபோது
தும்மல்.

டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துத் தேடினேன்.
மின்னியது: செதில்.
தள்ளி இன்னொன்று மின்னியது: செதில்.
வருகிறவர்களின் செருப்போடு வந்த
கவலை, சங்கரா, வஞ்சிரம்.
விடிய விடிய எல்லா மீனும் கிடைத்தது.

அது இல்லாமலும் ஓடும் என்பார்கள்.
ஓடட்டும். எனக்கு ஓடாது.
'தேறாது, தூக்கிப் போடு' என்று
தேசிங்கு அண்ணன் விட்டுப்போன சவுண்டர்
அலமாரியில் கிடந்தது.
பதினோரு வருஷம் தண்ணீருக்குள் தட்டித் தட்டி
'தரை எங்கே, தரை எங்கே' என்று கேட்ட பலகை.
அதிலிருந்து ஒன்றைப் பெயர்த்து
மீட்டரில் வைத்தேன். நூறு நானோ.
எட்டாவது இடத்தில் இறக்கி
இரண்டு முனையிலும் ஈயம் தொட்டேன்.

சுவிட்சைப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
மூன்று நாள் ஒன்றுமில்லை.
சந்தேகப்பட்ட இடமெல்லாம் மறுபடி சுட்டேன்,
பெருவிரலையும் சேர்த்து.
கடைசியில் மெமரி சில்லைப் பிடுங்கிப் பார்த்தால்
ஒரே ஒரு கால்
துளைக்குள் இறங்காமல்
வயிற்றுக்கடியில் சம்மணம் போட்டிருக்கிறது.

நிமிர்த்தினேன்.
திரையில் இரண்டே எழுத்து: ஓகே.
அதற்குக் கீழே ஒரு கட்டம்,
விட்டு விட்டு.
நான் கடையைப் பூட்ட மறந்து
பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது சவுண்டர் விலை கேட்க
தேசிங்கு அண்ணன் வந்தார்.
'இது எத்தன பாகம் ஆழம் காட்டும்?'
காட்டாது.
'மீனு?'
காட்டாது.
'புயலாவது சொல்லுமா?'
சொல்லாது.
'பின்ன என்னாதாம்மா பூரணி பண்ணும்?'
கணக்குப் போடும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
நேற்றுப் பாடு, டீசல் போக,
பதினெட்டாயிரத்து எழுநூற்றி அம்பது.
ஏழு பங்கு.

தட்டினேன்.
2678.57

பில்லின் முதுகில் அதை எழுதி
ஏழால் பெருக்கினார். மறுபடியும் பெருக்கினார்.
'ஒரு காசு குறையுதே.'
அதுக்கு ஆறு இலக்கந்தான் தெரியும்ணே என்றேன்.
திரையை ஒருமுறை பார்த்தார்,
என்னை ஒருமுறை.
அவருடைய சவுண்டரின் துணுக்கு அதற்குள் இருப்பதை
நான் சொல்லவில்லை.

'கீழ எங்கியாவது விழுந்திருக்கும், பாரு.'

கை அதுபாட்டுக்கு
டார்ச்சைத் தேடிப் போயிற்று.